எக்ஸ்ரேயில் இல்லாதது

புற்றுநோய்க் குழந்தைகள் வார்டுக்கு வெளியே நவநீதன் ஸ்கேன் படத்தோடு நின்றான். ரெஜினா டாக்டரிடம் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர். கெட்டிக்காரன்தான். அது அவனுக்கே தெரிந்திருந்ததுதான் வம்பு.

படத்தில், ஆறு வயது தர்ஷினியின் இரண்டு நுரையீரலிலும் திட்டுத்திட்டாகத் தொற்று. பூஞ்சையாக இருக்கும் என்று காலையிலேயே மருந்து ஏற்றியாயிற்று. உள்ளே அவள் ஆக்சிஜனில் கிடந்தாள். பிழைப்பாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"நேத்து எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு மேடம். காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல" என்றான் எதிரே நின்ற ரெஜினாவிடம்.

"உடம்பு எதிர்த்துச் சண்டை போட்டாத்தானே காய்ச்சல் வரும், சளி கட்டும்? நாம குடுத்த கேன்சர் மருந்துல அவ ரத்தத்துல வெள்ளணுவே இல்ல. யாரு சண்டை போடுவா?"

நவநீதனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான்.

"அவங்கம்மா ஏதாவது சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சொன்னாங்க மேடம். பால் குடிக்கும்போது நடுவுல நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குதுன்னு. நான்தான்... படத்துல ஒண்ணுமில்ல, எதுக்கெடுத்தாலும் கூப்பிடாதீங்கன்னு சத்தம் போட்டுட்டேன். எல்லார் முன்னாலயும்."

ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"நான் எந்த டெஸ்ட்டை விட்டுட்டேன் மேடம்? எதை எடுத்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்?"

"வா."

இருவரும் உள்ளே போனார்கள். கட்டிலருகே இருந்த இசக்கியம்மாள் மகளின் கையை விட்டுவிட்டு அவசரமாக எழுந்து நின்றாள்.

"இசக்கியம்மா, பிள்ளைகிட்ட புதுசா ஏதாவது தெரியுதா?" என்று ரெஜினா கேட்டார்.

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். டாக்டருக்குப் பின்னால் நின்ற நவநீதனைப் பார்த்தாள். பிறகு குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. எனக்கென்ன தெரியும்? படத்துல இருக்கதுதான்."

பிள்ளையின் மூக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து விரிந்து அடங்கியது. அந்தத் தாய் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

நர்ஸைக் கூப்பிட்டு ஆக்சிஜனைக் கூட்டச் சொன்ன ரெஜினா, மூலையில் கிடந்த ஸ்டூலை எடுத்துவந்து இசக்கியம்மாளின் பக்கத்தில் போட்டார்.

"உக்காருப்பா" என்றார் அவனிடம். "அவங்க பயத்தை மறுபடி உன்கிட்ட சொல்லணும். அதுவரைக்கும் எந்திரிக்காத."