பூட்டு மறுத்த காலை

மலைச்சரிவில் இருந்த சிற்றூர் ஒன்றில் ஒரு பழைய கார் இருந்தது. கியர் தானாக மாறும் வகை. அந்தக் காரின் கியர் ராடுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு சின்னப் பூட்டு குடியிருந்தது.

பூட்டுக்கு ஒரே ஒரு வேலைதான். வண்டி நிற்கும்போது ராடைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் பிரேக் மிதியை அழுத்தினால் மிதியிடமிருந்து ஒரு சேதி வரும்: "பிடிச்சாச்சு, விடலாம்." அப்போது விட வேண்டும். சேதி இல்லாமல் விட்டால் வண்டி சரிவில் தானாக உருண்டுவிடும். அதே சேதி பாதியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு நீண்ட வயர் வழியாக டிக்கி வரை ஓடி, பின்னால் இருக்கும் சிவப்பு விளக்குகளையும் எழுப்பும்.

காரின் சொந்தக்காரி சுலோச்சனா. தம்பி தயாளனோடு சேர்ந்து பேக்கரி நடத்தினாள். அதிகாலையில் சுட்ட ரொட்டிகளைத் தட்டு தட்டாக டிக்கியில் அடுக்கி, கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். அங்கே நோயாளிகளுக்குக் காலை உணவு அந்த ரொட்டிதான்.

ஒருநாள் காலை ரொட்டி ஏற்றி முடித்து, டிக்கியை அறைந்து சாத்திவிட்டு, அவள் வந்து உட்கார்ந்தாள். மிதியை அழுத்தினாள். ராடை இழுத்தாள். ராடு அசையவில்லை.

"விடுப்பா," என்றது ராடு. "அக்கா இழுக்கிறாங்க தெரியலையா?"

"சேதி வரலையே," என்றது பூட்டு.

"என்னது வரலையா?" கீழேயிருந்து மிதி சத்தம் போட்டது. "என்னைத் தரை வரைக்கும் மிதிச்சிருக்காங்க. நான் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலை அண்ணே."

"அப்ப உன் காதுதான் போச்சு."

தன் காதில் கோளாறு இல்லை என்று பூட்டுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அப்படியானால் மிதி பொய் சொல்கிறதா? இத்தனை வருஷம் பழகிய மிதியைப் பற்றி அப்படி நினைக்கவே அதற்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நினைத்தது.

சுலோச்சனா தம்பியைக் கூப்பிட்டாள். தயாளன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தான்.

"இதுக்குள்ள ஒரு பூட்டு இருக்குக்கா. அதுதான் பிடிவாதம் பிடிக்குது. நான் வழி பண்றேன்."

ராடுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மூடியை நெம்பி எடுத்தான். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுப் பூட்டின் கழுத்தை அழுத்தினான். பூட்டால் தாங்க முடியவில்லை. பிடி நழுவியது. ராடு சட்டென்று நகர்ந்துகொண்டது.

"பாத்தியா, இவ்வளவுதான்," என்று தயாளன் சிரித்தான். "நிறுத்தி எடுக்கறப்பெல்லாம் இப்படிக் குத்தினாப் போதும்."

வண்டி புறப்பட்டது. பூட்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது. வலியைவிட அந்தச் சிரிப்புதான் அதற்கு உறைத்தது.

மலைப்பாதையில் மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் திடீரென்று காட்டெருமை ஒன்று பாதைக்கு வந்து நின்றது. சுலோச்சனா மிதியை ஓங்கி அழுத்தினாள். கார் நின்றது. அடுத்த நொடி பின்னாலிருந்து டயர்கள் கிறீச்சிட்டன. ஒரு பால் வேன் காரை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போய் மண்மேட்டில் மோதி நின்றது.

வேன்காரர் இறங்கி வந்தார். நெற்றியில் ரத்தம் வழிந்தது.

"ஏம்மா, பிரேக் போட்டா லைட்டு எரிய வேண்டாமா? பனியில நீங்க நின்னது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எரியலையா?" என்றாள் சுலோச்சனா. தன் முந்தானையால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எல்லாவற்றையும் பூட்டு கேட்டுக்கொண்டிருந்தது. விளக்குகளுக்கும் சேதி போகவில்லை என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. தான் மட்டும் செவிடாகவில்லை. மிதியும் பொய் சொல்லவில்லை. தனக்கும் விளக்குகளுக்கும் பொதுவான பாதையில் ஏதோ நடந்திருக்கிறது.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க," என்றது பூட்டு.

"நானும்தான் உன்னைச் செவிடுன்னுட்டேன்," என்றது மிதி.

அன்று பகலில் வண்டி யூசுப்பின் ஷெட்டுக்குப் போனது. யூசுப் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். அவரும் முதலில் பூட்டைத்தான் குறை சொன்னார். "இந்த வண்டியில இந்தப் பூட்டுதான்மா தகராறு. கழட்டி எறிஞ்சிரலாம்."

"அண்ணா, பின்னாடி லைட்டும் எரியலை," என்றாள் சுலோச்சனா.

யூசுப் நின்றார். "ரெண்டும் சேர்ந்தா போச்சு? அப்ப வேற எங்கேயோ இருக்கு."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். மிதிக்குக் கரண்ட் கொண்டுவரும் பாதையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த சிவப்பு ஃபியூஸ் கருகிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொரு சிவப்பு ஃபியூஸைச் செருகினார். மிதியை அழுத்தினார். "பிடிச்சாச்சு, விடலாம்!" என்ற சேதி தெளிவாக வந்தது. பூட்டு துள்ளி விலகியது. பின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"ஃபியூஸ் போயிருக்கு, அவ்வளவுதாம்மா," என்றார் யூசுப். எதனால் போனது என்று அவரும் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரொட்டி ஏற்றி டிக்கியைச் சாத்தியாயிற்று. சுலோச்சனா மிதியை அழுத்தியதும் புதிய ஃபியூஸ் அலறியது.

"யாரோ வழியில கரண்ட் எல்லாத்தையும் தரையில கொட்டுறாங்க! என்னால முடியலை, நான்..."

அத்தோடு அதன் குரல் நின்றது. பூட்டுக்குச் சேதி வரவில்லை.

தயாளனுக்குக் கோபம் வந்தது. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள்.

"சும்மா சும்மா சாகற ஃபியூஸை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" அவன் தன் பெட்டியிலிருந்து பெரிய பச்சை ஃபியூஸ் ஒன்றை எடுத்துச் செருகினான். "இது சாகாது. தைரியமா போக்கா."

பச்சை ஃபியூஸ் காலை நீட்டி உட்கார்ந்தது. "எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் கோழைங்க," என்றது. "எவ்வளவு வந்தாலும் நான் விடுவேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

சேதி வந்தது. பூட்டு விலகியது. ஆனால் சேதி வழக்கம்போல் இல்லை. அதில் ஏதோ சூடு இருந்தது. வழியில் ஒவ்வொரு முறை பிரேக் போட்டபோதும் டிக்கிக்குப் போகும் வயரிடமிருந்து மெல்லிய முனகல் கேட்டது.

"வயரக்கா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டது பூட்டு.

"ஒண்ணுமில்லை. உன் வேலையைப் பாரு."

ஆஸ்பத்திரியில் ரொட்டியை இறக்கியபின் நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள். "அக்கா, மேல எஸ்டேட்டுக்குப் போறீங்களா? பிரேமான்னு ஒரு பொண்ணு, குழந்தை பிறந்து இன்னிக்குத்தான் அனுப்பறோம். பஸ்ஸுல இந்தக் குளிர்ல எப்படிப் போகும்?"

"வரச் சொல்லுங்க," என்றாள் சுலோச்சனா.

பிரேமா பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். அவள் முதுகுக்குப் பின்னால்தான் டிக்கி. சுலோச்சனா டிக்கியைச் சாத்திவிட்டு வந்து, இன்ஜினைக் கிளப்பி மிதியை அழுத்தினாள்.

சேதி வந்தது. ஆனால் மெலிந்து வந்தது. மிதியின் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் பாதி வழியிலேயே யாரோ அதைக் குடித்துவிட்டது போல இருந்தது.

"விடலாம்... விட..."

பூட்டு தவித்தது. கொஞ்சம் தம் கட்டினால் விலகிவிடலாம். விலகினால் எல்லாரும் நல்ல பூட்டு என்பார்கள். விலகாவிட்டால் மறுபடி கழுத்தில் இரும்பு, மறுபடி சிரிப்பு.

"விடுப்பா, பின்னாடி குழந்தை இருக்கு," என்றது ராடு.

"அதனாலதான் கேக்கறேன்," என்றது பூட்டு. "வயரக்கா, இப்பவாவது சொல்லுங்க. சேதி ஏன் பாதிதான் வருது?"

வயர் அழுதுவிட்டது.

"டிக்கியைத் திறக்கிறப்பெல்லாம் அந்தக் கீல்கிட்ட நான் மடங்கி மடங்கி நிமிர்றேன்டா. ஒருநாளைக்கு எத்தனை தடவை! தோல் தேஞ்சு உள்ள இருக்கற செம்பு வெளியில வந்துருச்சு. கதவைச் சாத்தினா சில சமயம் இரும்பு என் புண்ணு மேலேயே வந்து உட்காருது. அப்ப வர்ற கரண்ட் எல்லாம் அங்கேயே கொட்டிருது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வெட்டி எறிஞ்சுடுவாங்கன்னு பயம். மேல ஒரு பழைய டேப் இருந்துச்சு. அதை இழுத்துப் போத்திக்கிட்டேன். அந்தச் சின்ன ஃபியூஸ்ங்க எனக்குப் பதிலாச் செத்தப்பகூட வாயத் திறக்கலை. இப்ப எரியுது. தாங்க முடியலைடா."

"நான் இருக்கேன், நான் தாங்கறேன்!" என்றது பச்சை ஃபியூஸ் உற்சாகமாக.

"நீ தாங்கறதுனாலதான் அவங்க எரியறாங்க," என்றது பூட்டு. ராடை இறுகப் பிடித்துக்கொண்டது.

சுலோச்சனா ராடை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பெருமூச்சு விட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பூட்டு கண்ணை மூடிக்கொண்டது.

அவள் கை அப்படியே நின்றது.

நேற்று இதைக் குத்தித்தான் வண்டியை எடுத்தோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. வேன்காரரின் நெற்றி நினைவுக்கு வந்தது. பின்சீட்டில் குழந்தை சிணுங்கியது.

"இது ஏன் மாட்டேங்குது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு கேள்விக்காகத் தாமதித்த நேரத்தில்தான் அவள் மூக்குக்கு ஒரு கருகல் வாடை எட்டியது. தினமும் அடுப்பு முன்னால் நிற்கிறவள். மாவு கருகுவது, சர்க்கரை கருகுவது, விறகு புகைவது எல்லாவற்றையும் அவளால் பிரித்துச் சொல்ல முடியும். இது அவற்றில் எதுவும் இல்லை.

"பிரேமா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு இறங்கு. உடனே இறங்கு!"

இன்ஜினை அணைத்தாள். மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஓடிப்போய் டிக்கியைத் திறந்தாள். கீலுக்குப் பக்கத்தில் டேப் உருகித் தொங்கியது. புகை சுருள் சுருளாக எழுந்தது. அதன் நடுவில், பழுக்கக் காய்ந்த செம்பு தெரிந்தது. கால் மிதியில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் பின்சீட்டு மெத்தை பற்றியிருக்கும்.

பிரேமா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். "அக்கா, நல்லவேளை வண்டி கிளம்பலை," என்றாள்.

"அது கிளம்ப மாட்டேன்னுச்சு," என்றாள் சுலோச்சனா.

தகவல் கேட்டு யூசுப் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தார். தயாளனும் வந்தான். யூசுப் வயரைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார்.

"நேத்தே இதைத் தேடியிருக்கணும்," என்றார். "ஃபியூஸ் சும்மா போகாதுன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன்."

கத்தரியை எடுத்தார். வயர் நடுங்கியது. தன் கதை முடிந்தது என்று நினைத்தது. ஆனால் அவர் கருகிய துண்டை மட்டும் வெட்டினார். அந்த இடத்தில் புது வயர் வைத்து இணைத்தார். மடங்கும்போது இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தாராளமாகவே நீளம் விட்டார். மேலே ஒரு ரப்பர் உறை மாட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றது வயர், நம்ப முடியாமல். "இதுக்கா நான் இத்தனை நாள் மறைச்சேன்?"

யூசுப் பச்சை ஃபியூஸைப் பிடுங்கினார். அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன்? கடைசி வரைக்கும் நின்னேனே!" என்று அது கத்தியது. யாரும் கேட்கவில்லை. அது இருந்த இடத்தில் மறுபடி ஒரு சின்னச் சிவப்பு ஃபியூஸ் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒரு மெல்லிய கம்பி. கொஞ்சம் அதிகமானால் அறுந்துவிடும் கம்பி.

பிரேமா மறுபடி ஏறி உட்கார்ந்தாள். குழந்தை தூங்கிப்போயிருந்தது. தயாளன் மட்டும் ஃபியூஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது ரொம்பச் சின்னதா இருக்கு. மறுபடியும் போயிடுச்சுன்னா?"

புது ஃபியூஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தது.

சுலோச்சனா கதவைச் சாத்தினாள்.

"போனாப் போகட்டும் தயாளா. அது போனாத்தான் நாம இறங்கிப் பார்ப்போம்."