சுடுகாட்டு முக்கில் ஒரு தோட்டம்

உலகம்மாளுக்கு வயது நாற்பதுகூட நிரம்பவில்லை. அவருடைய சீடர் பூமிநாதனுக்கு அறுபது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் நேராக அந்த அம்மாவின் மடத்துக்கு வந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் தெரியாது என்று சொன்னாரே தவிர, எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு திட்டம் தயாராக இருக்கும். உலகம்மாளும் அதைத் தடுப்பதில்லை.

அந்தக் கோடையில் பக்கத்து ஊரான செவ்வரளிபட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. தெருவுக்குத் தெரு சாவு. பூமிநாதன் தினமும் போய் வீடு வீடாக உட்கார்ந்துவிட்டு வருவார். ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அம்மா, மாடத்தின்னு ஒரு பொண்ணு. அவ ஒரே மக பொன்செல்வி ஆலையில போயிட்டா. தினமும் சாயங்காலம் சுடுகாட்டு முக்குல வந்து நிக்கிறா. பேச்சு இல்ல, அழுகை இல்ல. சோறும் இறங்கலை. இப்படியே விட்டா அவளும் போயிருவா."

உலகம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் முக்குல நிக்கிறா?"

"பொம்பளைங்க அதுக்கு மேல போகக் கூடாதுல்ல. அன்னைக்கு அவளை அங்கதான் நிறுத்திட்டாங்க."

"ம்."

"அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"அவ உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா?"

"இல்லம்மா."

"அப்ப பதில் எதுக்கு? ஏதாவது வேலை குடுங்க."

இது போதாதா பூமிநாதனுக்கு? மறுநாளே திட்டத்தோடு வந்தார். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். வீட்டாரே நட்டு, வீட்டாரே வளர்க்க வேண்டும். புங்கை, வேம்பு, நாவல் என்று கரிசலுக்கு ஏற்ற மரங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தார். எங்கே போடுவது என்பதுதான் முடிவாகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போடலாம், கோயில் நிலத்தில் போடலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

"அவ நிக்கிற இடத்துல போடுங்க" என்றார் உலகம்மாள்.

முக்கில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்த புறம்போக்கு இருந்தது. ஊரே சேர்ந்து வெட்டியது. அழுதுகொண்டே வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே சண்டை போட்டார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். சாவு விழுந்த பிறகு அந்த ஊரில் சிரிப்புச் சத்தம் கேட்டது அங்கேதான். மாடத்தி பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் குனிந்து, காலடியில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். அப்புறம் இன்னொன்று. அன்று பூமிநாதன் மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து அதைச் சொன்னார்.

தண்ணீருக்கும் வழி வைத்திருந்தார். கரிசல் காட்டில் ஊற்றுகிற தண்ணீரில் பாதி வெயிலுக்கே போய்விடும். அதனால் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைப் புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி வைத்தால், ஒரு குடம் தண்ணீர் மெல்லக் கசிந்து மறுநாள் வரை வேரைக் காப்பாற்றும். குயவரிடம் புதுப் பானைகளாக வாங்கி, ஒன்றுகூட விரிசல் விடாமல் அவரே உட்கார்ந்து துளை போட்டார். பொறுமையான மனிதர். அதில் குறை சொல்ல முடியாது.

நடுகிற நாளில் வீட்டுக்கு ஒரு பானையாகக் கொடுத்துக்கொண்டு வந்து, மாடத்தி கையிலும் ஒன்றைக் கொடுத்தார். அவள் வாங்கினாள். பானையைத் தாங்கிய விரல் அடியில் இருந்த ஓட்டைக்குள் போனது. அவ்வளவுதான், சுட்டதுபோல் கீழே வைத்துவிட்டாள்.

"கொள்ளிக்குடம்" என்றார் கூட்டத்தில் யாரோ.

ஒருவர் பின் ஒருவராகப் பானையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். மாடத்தியின் அண்ணன் பேச்சிமுத்து மட்டும் நின்றான். தங்கை மகள் பொன்செல்விக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான்.

"புதுப் பானையில ஓட்டை போட்டு எதுக்குத் தூக்குவோம்னு உங்களுக்குத் தெரியாதாய்யா? நீங்களும் இந்த மண்ணுல பிறந்தவருதானே."

பூமிநாதனுக்குத் தெரியும். அப்பாவின் சிதையை அவரும் அப்படித்தான் சுற்றி வந்திருக்கிறார். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள், தண்ணீர் முதுகில் வழியும், கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். தெரிந்தும் துளை போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. வேர் மட்டுமே நினைவில் இருந்தது. அவமானத்தோடு மடத்துக்குத் திரும்பினார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. ஒரு கல்லு, ரெண்டு கல்லுன்னு எடுத்துப் போட்டவளை நானே மறுபடியும் பழைய இடத்துல கொண்டுபோய் நிறுத்திட்டேன். பானையை எல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் கேன் வாங்கிரட்டுமா? இல்ல சொட்டுநீர்க் குழாய் போட்டுரட்டுமா?"

"பானை என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் சாயங்காலம் உலகம்மாள் கிளம்பினார். தோட்டத்தில் இன்னும் திரி வைக்காமல் கிடந்த பானைகளில் ஒன்றை எடுத்து, ஊர்த் தொட்டியில் தண்ணீர் பிடித்து, தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியாக நடந்தார். தண்ணீர் முதுகில் ஒழுகிச் சேலையெல்லாம் நனைந்தது. வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து பின்னாலேயே வந்தார்கள். கடைசியில் வந்த பூமிநாதனுக்கு மானம் போனது.

மாடத்தி முக்கில் நின்றிருந்தாள். உலகம்மாள் அவள் முன்னால் போய் நின்றார்.

"கொஞ்சம் பிடிச்சுக்கிறியா தாயி? தோள் வலிக்குது."

மாடத்தியின் உதடு அசைந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு குரல் கரகரவென்று வந்தது.

"பொம்பளைங்க சுமக்கக் கூடாதே."

"நான் சுமந்துக்கிட்டுத்தானே வந்திருக்கேன்."

பேச்சிமுத்து முன்னால் வந்தான். "அம்மா, நீங்க பெரியவங்க. ஆனா இது வேணாம். ஒரு தடவை சுமந்தது போதும்."

"நீங்கதான் சுமந்தீங்களா?"

"ஆமா."

"கனமா இருந்துச்சா?"

"இன்னும் இறக்கி வைக்க முடியலைம்மா" என்றான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வழியை விட்டு விலகினான்.

மாடத்தி அண்ணனைப் பார்த்தாள். உலகம்மாளின் நனைந்த சேலையைப் பார்த்தாள். கையை நீட்டிப் பானையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

பொன்செல்விக்காகத் தோண்டிய குழியில் புங்கங்கன்று ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள். மாடத்தி அதைச் சுற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் அவள் முதுகில் ஒழுகியது. முதல் சுற்றில் பேசாமல் நடந்தாள். இரண்டாவது சுற்றில் "செல்வி" என்றாள். மூன்றாவது சுற்றில் பெருங்குரலெடுத்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்கத்தான் ஊர் இத்தனை நாள் காத்திருந்தது போலும், கூட நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். பூமிநாதனும் அழுதார். இந்த அம்மாவிடம் வந்து சேர்ந்ததற்காகத் தன்னை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சுற்று முடிந்ததும் மாடத்தி கன்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அடுத்து என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் கை மட்டும் பானையை விடவில்லை.

"அம்மா, இதை இப்ப உடைக்கணுமா?"

உலகம்மாள் கன்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பானை உட்காரும் அளவுக்கு மண்ணைக் கையால் பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உடைச்சுட்டா நாளைக்கு எதுல தண்ணி ஊத்துவ, தாயி?"