குளவி அடைத்த அறுநூறு வாசல்

அந்தக் காலத்தில், குளவியும் மனுஷியும் சுவரோரம் நின்று ஊர்க்கதை பேசிய நாளில், மனிதர் மூக்குக்குள் ஆயிரம் வாசல்கள் இருந்தன. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்படிக்கு ஓடுகிற நம் மூக்கைப் போல இல்லை அது. மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்தால் இங்கிருந்தே சொல்லிவிடும்.

வெள்ளச்சிக்கு அந்த மூக்கே வினையாயிற்று. தேன் எடுக்கப் போன அவள் புருஷன் காடன், பாறையிலிருந்து விழுந்து செத்தான். அவள் கண்ணெதிரேதான் புதைத்தார்கள். ஆனாலும் குடிசையை விட்டு அவன் வாசம் போகவில்லை. கண், அவன் இல்லை என்றது. மூக்கு, இதோ இருக்கிறான் என்றது. அவள் மூக்கைத்தான் நம்பினாள். தினமும் இரண்டு இலை போட்டு, அவன் வந்து உட்காரட்டும் என்று காத்திருப்பாள். இரண்டிலும் களி ஆறிக் கிடக்கும். அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் பரிதாபப்பட்டுவிட்டு, வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவள் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை வேறு.

சுவரில் மண்கூடு கட்டிக்கொண்டிருந்த குளவியிடம் போய் நின்றாள்.

"என் புருஷன் வாசம் வர்ற வாசலை மட்டும் மண்ணு வெச்சு அடைச்சிரு."

"ஒரு ஆளோட வாசம் ஒரு வாசல்ல வராது தாயி. வேர்வை ஒண்ணுல, புகை ஒண்ணுல, முடி ஒண்ணுல. எப்படியும் அறுநூறு அடைக்கணும். காஞ்சிட்டா எனக்கே திறக்கத் தெரியாது."

"பிள்ளைக்காகவாவது நான் சாப்பிடணும். அடை."

குளவி பகல் முழுக்க மண் சுமந்தது. சாயங்காலம் வெள்ளச்சி ஒரே இலை போட்டாள். வயிறார உண்டு தூங்கினாள்.

விடிந்து எழுந்தபோது குடிசை வெறும் குடிசையாக இருந்தது. அவனைப் புதைத்த அன்றுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. காடனின் போர்வையை எடுத்து முகத்தில் அழுத்தினாள். கம்பளி வாசம் வந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணே ஒண்ணைத் திறந்து விடேன்" என்று கெஞ்சினாள்.

"மண்ணு இறுகிப்போச்சு தாயி" என்றது குளவி.

அவளுக்குப் பிறந்த மகளுக்கும் அந்த வாசல்கள் அடைபட்டே இருந்தன. அந்த மகள் வழி வந்தவர்கள்தாம் நாம்.

அன்று முதல்தான், போனவர்களின் துணியைத் துவைக்காமல் எடுத்து வைத்து, யாரும் இல்லாத நேரத்தில் மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறோம். மிச்சமிருக்கும் வாசல்களில் நாலு நாள் ஏதோ வருகிறது, பிறகு வெறும் துணிதான்.