பிரகாசி கேட்ட சொல்

"அந்தச் சொல் அவளுக்கு எப்படிப் பொருந்தும், டீச்சர்?" என்று கேட்டாள் பிரகாசி.

புதுச்சேரியில் ஓவியம் கற்றுக்கொடுக்கும் மல்லிகேஸ்வரி தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். சிஷ்யையைவிடப் பத்து வயது சின்னவள்.

"எந்தச் சொல், அக்கா?"

பிரகாசி ஓர் அழைப்பிதழை நீட்டினாள். கூடப் படிக்கும் செல்வராணியின் கண்காட்சி. பெயருக்குக் கீழே 'எவ்ர்' என்று அச்சடித்திருந்தது.

"பிரெஞ்சுச் சொல். ஒருத்தர் ஆயுசு முழுக்க வரைஞ்ச மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பேர்."

"அர்த்தமெல்லாம் பள்ளிக்கூடத்துலயே சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாச்சு. அவ வரைஞ்சதே பதினொண்ணு. அதுக்குப் போய் இவ்வளவு பெரிய பேரா? நான் நாற்பது வரைஞ்சிருக்கேன்."

"உங்களுக்கும் வேணுமா?"

"வேணும்."

வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிற ரகம் இல்லை பிரகாசி.

"நாற்பதையும் கொண்டுவாங்க. நானே என் கையால எழுதித் தரேன்."

மறுநாள் காலை நாற்பதும் ஆட்டோவில் வந்து இறங்கின.

டீச்சர் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாள்.

அவளிடம் படிக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. படம் முடிந்ததும், அதை ஏன் வரைந்தோம் என்று பின்பக்கம் எழுத வேண்டும். பிரகாசி எரிச்சல்காரிதான். பொய்க்காரி இல்லை.

"வாசிங்க, அக்கா."

"'செல்வராணி மீன்கூடை வரைந்தாள். என் கூடை அதைவிடப் பெரிது.'"

"அடுத்தது."

"'செல்வராணியின் நீலத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். நீலம் எனக்கும் வரும்.'"

"அடுத்தது."

"'செல்வராணி மழை...' போதுமே, டீச்சர்."

"மொத்தமும்தானே கேட்டீங்க?"

வாசித்தாள். போகப்போகக் குரல் இறங்கியது.

ஒரு படத்தில் மட்டும் நிறுத்தினாள். "'பால் அடிப்பிடித்துவிட்டது. துலக்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.'"

டீச்சர் அதை வாங்கித் தனியே சுவரோரம் சாய்த்தாள். அப்படி ஓரம் போனவை மூன்று.

மீதி முப்பத்தேழையும் அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டினாள். மேலே ஒரு தாள் ஒட்டி, பேனாவைத் திறந்தாள்.

"பெருசா எழுதுங்க," என்றாள் பிரகாசி.

பெரிதாகவே எழுதினாள்.

'செல்வராணி. எவ்ர்.'

பிரகாசி இரண்டு தரம் வாசித்தாள்.

"என்ன டீச்சர் இது? ராத்திரி பகலா வரைஞ்சது நானு."

"யாரு இல்லேன்னது?" டீச்சர் கட்டின் ஒரு முனையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடிங்க, அக்கா. அவ வீட்டுல கொடுத்துட்டு வந்துடலாம்."