உடும்பு கேட்ட வெயில்

மழை விட்ட பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு காட்டில் ஓர் உடும்பு வாழ்ந்து வந்தது. தவளைக்கும் நத்தைக்கும் அங்கே பஞ்சமில்லை. உடும்புக்கு இருந்த ஒரே குறை வெயில் இல்லாததுதான். மரங்கள் அவ்வளவு நெருக்கம்.

ஒருநாள் காற்றில் ஒரு கிழட்டு மரம் விழுந்தது. அந்த இடைவெளி வழியாக ஒரு பாறை அளவுக்கு வெயில் இறங்கியது. உடும்பு அதில் படுத்து முதுகைக் காயவைத்தது. சுகமாகத்தான் இருந்தது. ஆனால் உச்சிப்பொழுது தாண்டியதும் வெயில் நகர்ந்துவிட்டது.

"இது போதாது," என்றது உடும்பு.

அது நேரே யானையிடம் போனது. யானைக்கு எப்போதும் பசி. யார் எதைச் சொன்னாலும் செய்யும்.

"அண்ணா, உச்சிக் கிளையில் இருக்கும் அத்திப்பழம் உங்களுக்கு எட்டுகிறதா?"

"எட்டவில்லை."

"மரத்தைச் சாய்த்தால் எட்டுமே."

யானை சற்று யோசித்தது. "எட்டும்," என்று சொல்லிவிட்டு மரத்தைச் சாய்த்தது. மறுநாள் அடுத்த மரம். அதற்கு மறுநாள் இரண்டு.

பொந்தில் குஞ்சு பொரித்திருந்த இருவாச்சிப் பறவை உடும்பிடம் வந்தது.

"ஒரு மரம் விழுந்தால் அந்த வெளிச்சத்தில் கன்றுகள் எழுந்து இடத்தை மூடிவிடும். இத்தனை மரங்கள் விழுந்தால் மண்ணே காய்ந்துபோகும். எச்சத்தில் விதை போட நானும் இங்கே இருக்க மாட்டேன்."

"குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் வேறு காடு பார்த்துக்கொள்," என்றது உடும்பு.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் இருவாச்சி அவற்றோடு வேறு காட்டுக்குப் போய்விட்டது.

கோடைக்குள் உடும்புக்குக் காலை முதல் மாலை வரை வெயில் கிடைத்தது. நான்கு நாள் மகிழ்ச்சியாக இருந்தது. ஐந்தாம் நாள் பாறையில் கால் வைக்க முடியவில்லை. ஓடை வற்றிச் சேறானது. சேறு வெடித்தது. தவளைகள் போய்விட்டன. நத்தைகள் ஓட்டுக்குள் செத்துக் கிடந்தன. பசி தாங்காமல் உடும்பு வெட்டவெளியில் இரை தேடி அலைந்தது.

இலைக்கூரை இருந்தவரை கழுகுக்கு உடும்பு இருப்பதே தெரியாது. இப்போது தெரிந்தது. அது மேலிருந்து பாய்ந்தது. உடும்பு ஓடியது. ஏறுவதற்கு மரமில்லை, புகுந்துகொள்ள வேரில்லை. முதுகு கிழிந்து, கடைசியில் யானையின் வயிற்றுக்கடியில் போய் ஒடுங்கியது. கழுகு இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் போனது.

யானையும் மெலிந்திருந்தது. விழுந்த மரங்களின் பழம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"இன்னும் ஏதாவது சாய்க்க வேண்டுமா?" என்று யானை கேட்டது.

"வேண்டாம் அண்ணா. சாய்த்ததையெல்லாம் நிமிர்த்தி வைக்க முடியுமா?"

யானை சுற்றிலும் ஒருமுறை பார்த்தது.

"எனக்குத் தள்ளத்தான் தெரியும்," என்றது.

நீதி: காடு தானாகத் தருவதை அளவோடு எடுத்துக்கொண்டால் அது மீண்டும் வளரும்; ஒரேயடியாக அழித்தால், அழித்தவராலும் அதைத் திரும்ப உண்டாக்க முடியாது.