துள்ளும் இடம்

"டீச்சர், ஒண்ணு அவங்க வரணும், இல்லன்னா நான் வரணும். ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லிடுங்க."

செபஸ்தியான் தன் ஆட்டக் காலணிகளை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

டீச்சர் ஐவி ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பொன்மலை ரயில்வே காலனியின் பழைய மன்றத்தில் சனிக்கிழமை சாயங்காலமானால் சோல் பாட்டுக்கு ஆட்டம் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் சர்ச்சில் பாடும் அதே குரலில் காதலையும் பிரிவையும் பாடினார்களே, அந்தப் பாட்டு. ரெக்கார்டு போடுவது ஐவி. எந்தப் பள்ளியிலும் அவர் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் ஆடப் பழக வந்த அத்தனை பேருக்கும் அவர் டீச்சர்தான். வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கும் வழக்கமே கிடையாது. ஆடிக் காட்டுவார், அவ்வளவுதான்.

செபஸ்தியான் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த வயதில் அவரிடம் வந்தவர். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார்கள். அவருக்கென்று வாரத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு சாயங்காலம். அதிலும் மண்ணள்ளிப் போடுவதற்கென்றே கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வர ஆரம்பித்திருந்தார்கள்.

"என்ன பண்ணாங்க?" என்றார் டீச்சர்.

"என்ன பண்ணலன்னு கேளுங்க. ரப்பர் ஷூவோட வந்து நிக்கிறாங்க. தரையில பவுடர் போட்டா தும்முறாங்க. பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே பாட்டிலத் தொறந்து தண்ணி குடிக்கிறாங்க, ஃபோன்ல படம் புடிக்கிறாங்க."

"சரி."

"என்ன சரி? போன வாரம் துள்ளுற எடத்துல ஒருத்தன்கூட துள்ளல! நான் துள்ளுறேன், பின்னாடி நின்ன பொண்ணு நேரா வந்து முட்டுறா. நடுக்கூடத்துல குப்புற விழுந்தேன். 'ஸாரி அங்கிள், ரெக்கார்டு கீறல் போல இருக்கு'ங்கிறா. கீறலாம்ல, கீறல்!"

மற்றதைக்கூட மன்னித்திருப்பார். இதை மன்னிக்க அவரால் முடியவில்லை. அந்தத் துள்ளல்தான் மன்றத்தின் பெருமை. கடைசிப் பாட்டின் நடுவில், பாடுகிறவள் மூச்சுப் பிடிக்கும் இடத்தில், பாட்டு சட்டென்று ஒரு தாவு தாவும். கூடமே அதோடு சேர்ந்து ஒற்றைக் காலில் தாவிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஆட்டத்தைத் தொடரும். வெளியூர்க்காரர்களுக்கு அது பிடிபடாது. பிடிபட்டுவிட்டால் அப்புறம் அவர் வெளியூர்க்காரர் இல்லை.

"அந்தப் பொண்ணு பேரு நஸ்ரின்," என்றார் டீச்சர்.

"பேரு யாருக்கு வேணும்?"

டீச்சர் பவுடர் டப்பாவை நீட்டினார். "தூவு."

"நான் ஒரேயடியா போறேங்கிறேன், நீங்க தூவுங்கிறீங்க!"

"போறவன் தூவிட்டுப் போ."

செபஸ்தியான் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தரையில் தூவினார். காலணி வழுக்கிக்கொண்டு போக அது வேண்டும். டீச்சரிடம் எதைக் கேட்டாலும் இதே கதைதான். முன்பொரு நாள், சுற்று சரியாக வரவில்லையே என்று போய் நின்றதற்கு, ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்.

"எதுக்குத் துள்ளுறோம்?" என்று கேட்டார் டீச்சர்.

"இதென்ன கேள்வி? பாட்டு துள்ளுது, நாம துள்ளுறோம். நான் வந்ததுலேர்ந்து அப்படித்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்திருக்கும்!"

டீச்சர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்தார். உறை புதுசாகப் பளபளத்தது.

"நஸ்ரின் குடுத்தா. நம்ம கடைசிப் பாட்டுதான். தேடி வாங்கிருக்கா."

"பாத்தீங்களா? பாட்டுலயே கை வெச்சுட்டாங்க!"

"ஷூவப் போடு. இதுக்கு ஒரு தடவ ஆடு. ஆடி முடிச்சப்புறமும் நீ இதையே சொன்னா, அவங்க எல்லாரையும் நானே போகச் சொல்லிடறேன்."

அவர் காலணியை மாட்டிக்கொண்டார். பாட்டு ஆரம்பித்தது. இத்தனை எரிச்சலிலும் கால் தானாக நகர்ந்தது. அந்த இடம் வந்தது. பாடுகிறவள் மூச்சுப் பிடித்தாள். செபஸ்தியான் துள்ளினார்.

பாட்டு துள்ளவில்லை.

அவர் தரைக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு முழு வரியைப் பாடிக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவர் கேட்டிராத வரி. நடுக்கூடத்தில் தாளம் தப்பி நின்றார்.

"இது வேற பாட்டு."

"அதேதான்."

"அப்ப துள்ளல் எங்க?"

டீச்சர் பழைய ரெக்கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். குறுக்கே ஒரு கோடு ஓடியது.

செபஸ்தியானுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "எவன் பண்ண வேல இது?"

"ஒரு புதுப்பையன். ஒர்க்‌ஷாப்புலேர்ந்து லாடம் அடிச்ச பூட்ஸோட நேரா வந்தான். பாட்டக் கேட்ட சந்தோஷத்துல இந்த மேசைகிட்டயே எம்பிக் குதிச்சான். ரெக்கார்டு மேல இருந்த முள்ளு எகிறி இழுத்துடுச்சு. எங்ககிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அவனத் தூக்கி வெளிய போடுங்கன்னு ஆளாளுக்குக் கத்துனாங்க."

செபஸ்தியான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அந்தக் கூச்சல் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் நாளே எல்லாரும் கத்தி உற்சாகப்படுத்தினார்கள் என்று மனைவியிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறார்.

வாசல் படிகளில் ரப்பர் ஷூக்கள் கீச்சிட்டன. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப என்னை ஏன் டீச்சர் விரட்டல?"

"அடுத்த வாரம் அந்த எடத்துல துள்ளிப் பாத்தோம்," என்றார் டீச்சர். "நல்லா இருந்துச்சு."