வலிக்காத பாதம்

"அம்மா, இந்தக் கால்வலியை ஜெயிக்க ஒரு வழி சொல்லுங்க" என்றார் அம்பலவாணன்.

அவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். மனைவி இறந்த பிறகு மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். ஆசிரமத்தை நடத்திவந்த பர்வதம்மா அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அம்பலவாணன் அவரையே குருவாக ஏற்றிருந்தார்.

"காலுக்கு என்ன?"

"பாதம் எரியுது. கணுக்கால்ல ஊசி குத்துற மாதிரி இருக்கு. தியானத்துல உட்கார முடியல. சர்க்கரையால நரம்பு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னார்."

"மருந்து கொடுத்தாரா?"

"கொடுத்தார். வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னும் சொன்னார். அதுக்கெல்லாம் பணிஞ்சா உடம்புக்கு அடிமையாயிட மாட்டேனா?"

பர்வதம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை அம்பலவாணன் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் மருந்தை விழுங்காமல், வெறுங்காலோடு மலையைச் சுற்றிவரக் கிளம்பினார்.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"ஜெயிச்சுட்டேம்மா. பாதி வழியிலேயே வலது பாதத்துல வலி போயிடுச்சு. சுத்தமா இல்ல."

பர்வதம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், தரையைப் பார்த்தார்.

வாசலிலிருந்து அவர் நின்ற இடம்வரை, வலது காலின் தடம் மட்டும் சிவப்பாக வந்திருந்தது.

"உட்காருங்க. கண்ணை மூடிக்குங்க. நான் உங்க பாதத்தைத் தொட்டதும் சொல்லுங்க."

அம்பலவாணன் உட்கார்ந்து கண்ணை மூடினார். காத்திருந்தார்.

காற்று அடித்தது. எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"எப்பம்மா தொடுவீங்க?"

"கண்ணைத் திறங்க."

அவருடைய பாதம் பர்வதம்மாவின் மடியில் இருந்தது. இரண்டு கைகளும் அதைப் பற்றியிருந்தன. வெள்ளைப் புடவை நனைந்து சிவந்திருந்தது. குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது.

அம்பலவாணன் குனிந்து அந்தச் சில்லை விரலால் தொட்டார்.

"எப்ப குத்துச்சு?" என்றார் மெல்ல.

"எனக்கென்ன தெரியும்? நடந்தது நீங்கதானே."

துணியைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்.

புண் ஆற வெகுநாள் பிடித்தது. ஒரு கட்டத்தில் டாக்டர், பாதத்தைக் காப்பாற்றுவதே கஷ்டம் என்றார். பிறகு மெல்லத் தேறியது.

மெத்தென்ற செருப்போடு அம்பலவாணன் ஆசிரமத்துக்குத் திரும்பினார்.

"மருந்து சாப்பிடுறேம்மா. எரிச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. முழுசாப் போகல."

"சரி."

"இனிமே காலையில எழுந்ததும் நான் என்ன தியானம் செய்யட்டும்?"

"பாதத்தைப் பாருங்க."

"பார்த்துட்டு?"

"அடுத்த பாதத்தைப் பாருங்க."